பசலி 1415 முதல்

கைப்பேசி வரைபடத்தில்
நாங்கள் நான்கு பேரும் ஆற்றுக்கு நடுவில் நிற்கிறோம்.
நீலத்துக்குள் ஒரு புள்ளி, துடிக்கிறது.
குனிந்து பார்த்தால் கத்தரிச்செடி, ஊதாப்பூ,
என் செருப்பு விளிம்பில் காய்ந்த வண்டல்.

கொள்ளிடத்தின் தென்கரை. நடுப்படுகை.
புல எண் 214, உட்பிரிவு 3.
ஒரு ஏக்கர் மூன்று சென்ட்.
மனுதாரர் சவரியம்மாள், கணவர் அந்தோணிசாமி, லேட்.
எதிர்மனுதாரர் அரசு.
அரசு என்றால் இன்றைக்கு நான்,
வி.ஏ.ஓ., கடப்பாரை தூக்கிவந்த பக்கிரி,
ஒரு இரும்புச் சங்கிலி.

ஆற்றுப் புறம்போக்கில் அத்துமீறிய சாகுபடி.
நோட்டீஸில் அப்படித்தான் இருக்கிறது.
அவர் மறுத்துப் பேசவில்லை.
வரப்பில் உட்கார்ந்து மஞ்சள் பையை அவிழ்த்தார்.

பசலி 1415. வெள்ளம் நிலத்தை வாரிக்கொண்டு போன வருஷம்.
கிஸ்தி கட்டியிருக்கிறார்.
1416. இதே இடத்தில் ஓராள் ஆழம்.
கட்டியிருக்கிறார்.
1419. அந்தோணிசாமி போன வருஷம்;
இரண்டு மாதம் தள்ளி, ஆனாலும் கட்டியிருக்கிறார்.
1428 வரைக்கும் பதினான்கு ரசீது.
பதினான்கிலும் எங்கள் முத்திரை,
சிலதில் மை கூட மங்கவில்லை.

"தண்ணியா கெடந்தப்ப நெலம்னு வரி வாங்கினீங்க.
ஆறு அந்தாண்ட ஒதுங்கி
நெலமா எந்திரிச்சு வந்தா, ஆறுங்கிறீங்க.
எது சார் எது?"

வி.ஏ.ஓ. எதிர்க்கரையில் ஒரு கொக்கைப்
பார்த்துக்கொண்டிருந்தார்.
இந்தக் கோப்பில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள் உண்டு.
'மணல் குவாரி, பரிசீலிக்கலாம்.'
யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியும்.
அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை.

பழைய புலப்படத்தில் மதகிலிருந்து
முச்சந்திக் கல்லுக்கு நானூற்றுப் பன்னிரண்டு லிங்க்.
சங்கிலியை இழுத்தோம். நாணல் கீறியது.
முதல் குழியில் ஒன்றுமில்லை.
இரண்டாவதில் ஒரு ரப்பர் செருப்பு, சிறுபிள்ளை அளவு.
மூன்றாவதில் பக்கிரிக்கு இடுப்பளவு இறங்கியபின்
ணங் என்றது.

கையால் மண்ணை வழித்தேன்.
மேலே கொத்திய அம்புக்குறி அப்படியே.
கல் மட்டும் கிழக்கே சாய்ந்திருந்தது,
கடலுக்கு வழி கேட்ட மாதிரி.
சவரியம்மாள் எட்டிப் பார்த்தார்.
"இத்தன நாளா இங்கதான் இருந்தியா"
என்றார், கல்லிடம்.

சாயங்காலம் கணக்கு முடிந்தது.
அறுபத்திரண்டு சென்ட் அவருக்கு.
நாற்பத்தொன்று ஆற்றுக்கு.
கூட்டிப் பார்த்துக்கொண்டார், விரல்விட்டு.

"அந்த நாப்பத்தொண்ணுக்கு இனிமே நான் கிஸ்தி கட்ட வேணாமா?"
வேண்டாம்.
"ஆறு கட்டுமா?"
பக்கிரி குழிக்குள்ளிருந்து சிரித்தான்.
எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"மறுபடி தள்ளிப் போனா?"
அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
குறிப்பு என்கிற ஓரத்தில், இடுக்கி எழுதினேன்:
மனுதாரர் நீரில் கிடந்த நிலத்துக்குப் பதினான்கு பசலி
தீர்வை செலுத்தியுள்ளார். ரசீதுகள் பார்வையிடப்பட்டன.
கல் இருந்த இடத்தில் இருந்தது.

எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.
'ரி'யில் சுழி பெரிதாகி
என் பெயர் மேல் ஏறிவிட்டது.

இனி கும்பகோணத்தில் கோட்டாட்சியர் பார்க்க வேண்டும்.
மூன்று வாரம் ஆகலாம்.
மேட்டூரில் நூற்றுப் பதினெட்டு அடி என்று
காலையில்தான் வானொலி சொன்னது.
அவரும் கேட்டிருப்பார்.

"அதுக்குள்ள இந்தக் காயப் பறிச்சிரலாமா சார்,
நாப்பத்தொண்ணுல உள்ளதையும்?"

வி.ஏ.ஓ. வண்டியைக் கிளப்பப் போயிருந்தார்.
பறிங்க என்றேன்.
வெளிச்சம் கொஞ்சம் பாக்கி இருந்தது.
பக்கிரி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்
கூடையைப் பிடித்துக்கொண்டோம்.